தாயுமானவர்

'சிங்கிள் டாட்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? 'ஒற்றைத் தந்தை' என்றால் அரசாங்கப் படிவம் போல் இருக்கிறது. லிஸ் டாம்ஃபோர்டின் காதல் நாவல் 'காட் அப்' (2023) படித்தபோது வந்த சிக்கல் இது.

நாயகன் சிகாகோ பேஸ்பால் அணியின் நட்சத்திரம். மனைவி துணையின்றிக் குழந்தையை வளர்க்கிறார். வருகிற ஆயாக்களை எல்லாம் குறை சொல்லித் துரத்துகிறார். பொறுத்துப் பார்த்த பயிற்சியாளர் மான்ட்டி, தன் மகள் மில்லரையே குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்புகிறார். அப்புறமென்ன, சிநேகம், சிநேகம் முற்றினால் காதல். முடிவை யாரும் ஊகித்துவிடலாம்.

ஊகிக்க முடியாதது வேறு. மான்ட்டி மில்லரைப் பெற்றவரல்ல. அவளுடைய தாய் இறந்ததும், அவளை வளர்ப்பதற்காகத் தன் ஆட்டத்தையே விட்டவர். என்னால்தானே இவருக்கு இந்த இழப்பு என்ற உறுத்தலில், சமையல் கலையில் பரிசு மேல் பரிசாகத் துரத்துகிறாள் மகள். அவரோ எதையும் இழந்ததாகவே நினைக்கவில்லை. என்னைக் கேட்டால், நாவலின் நிஜமான அன்புக் கதை இதுதான்.

வார்த்தையும் அங்கேதான் கிடைத்தது. பிரசவம் பார்க்கத் தாய் வடிவில் வந்ததாகச் சொல்லப்படும் திருச்சி மலைக்கோட்டை இறைவனின் பெயர் தாயுமானவர். அந்த 'உம்'மை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்களோ!