கிரந்திப் பட்டியலும் கூழ்ப்பானையும்



சென்ற இதழின் உணவுப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் சமையற்குறிப்புக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் கேட்டதெல்லாம் ‘இதைச் சாப்பிடலாமா?’ என்பதுதான். சூரை கிரந்தியா, மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்ட கையோடு இஞ்சித் தேத்தண்ணி குடித்தால் ஆபத்தா, சீனி வருத்தக்காரர் பனங்கட்டி கடிக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். பருத்தித்துறைக் கடிதங்கள் அல்லவா, மீன் வராத கடிதம் அபூர்வம்.

கிரந்தியிலிருந்தே தொடங்குகிறேன். உடம்பில் தடிப்பையும் கடியையும் கிளப்பும் என்று விலக்கும் சாப்பாடுகளின் பட்டியல் எங்கள் வீடுகளில் நீளமானது. சூரை, இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என்று வீட்டுக்கு வீடு கூடிக் குறையும். ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் மட்டும் இறாலும் நண்டும் கணவாயும் ஒரே பானைக்குள் இறங்கும். அன்றைக்குப் பட்டியலை யாரும் வாயில் எடுப்பதில்லை!

இதில் சூரையின் கதை தனி. சூரை இனத்து மீன்களின் தசையில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் குளிரில்லாமல் கிடந்தால் பக்றீரியாக்கள் அதை ஹிஸ்ரமினாக மாற்றிவிடும். பிறகு குழம்பாகக் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், பிரிட்ஜில் வைத்தாலும் அந்த ஹிஸ்ரமின் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் வரும். ஆஸ்பத்திரியில் அலர்ஜிக்குக் கொடுக்கும் அதே குளிசையைக் கொடுப்பார்கள், சுகமும் வரும். அன்றிலிருந்து அந்த வீட்டில் சூரைக்குத் தடை.

உண்மையில் அது அலர்ஜி அல்ல. பிடித்தபின் மீன் ஐஸ் இல்லாமல் கிடந்த நேரத்தின் வேலை. விடியப்புறம் வள்ளத்தால் இறக்கியவுடன் வாங்கிய சூரையைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர், வெயில் ஏறியபின் வாங்கிய சூரையில் தடித்துப்போவது இதனால்தான். வாங்கும்போது மீனைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். மணம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கெட்ட மணம் வருவதற்கு முன்பே ஹிஸ்ரமின் கூடியிருக்கலாம்.

இறாலும் நண்டும் வேறு விஷயம். அவற்றின் புரதத்துக்கு உண்மையான அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, மூச்சுத்திணறல் வரை போகும். ‘கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று பழக்கினால் சரியாகிவிடும்’ என்று யாராவது புத்தி சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது மரவள்ளியும் இஞ்சியும். சிங்கள ஊர்களிலும் இதே பயம்தான். இந்த ஒரு விஷயத்தில் நாடு முழுவதும் ஒரே கருத்து. ஆனால் மரவள்ளி இந்தத் தீவுக்கு வந்ததே 1786 அளவில், ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிராஃப் காலத்தில், மொரீசியஸ் வழியாக. ஆகவே ‘ஆதிகாலத்து அறிவு’ என்ற பெருமையை இதற்குக் கொடுக்க முடியாது. நஞ்சு இருப்பது கிழங்குக்குள். அதிலுள்ள லினமரின் என்ற பொருள், கிழங்கை வெட்டும்போதும் நசிக்கும்போதும் கிழங்கின் சொந்த நொதியமே பட்டு உடைந்து, ஹைட்ரஜன் சயனைட்டை வெளிவிடும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டால்தான் ஆபத்து. அப்படி அவிந்த கிழங்கை இஞ்சி இல்லாமல் சாப்பிட்டாலும் வருத்தம் வரும்; வந்த வருத்தத்துக்கு இஞ்சி பழி சுமந்தது என்பது என் எண்ணம்.

இதே வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. தோலைத் தடிப்பாக உரித்து, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிடுவார்கள். ஏன் மூடக்கூடாது என்று கேட்டால் அம்மம்மா ‘மூடக்கூடாது, அவ்வளவுதான்’ என்பார். அந்தச் சயனைட் 26 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். திறந்த பானையில் அது வெளியே போகும், கரைந்தது தண்ணீரோடு போகும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்துக் கைப்பை எடுப்பதும் இதே வகைக் கைப்பக்குவம். ஆகவே வீட்டில் சொன்னதைக் கேட்கும்போது, செய்யச் சொன்ன காரியத்தை ஒரு பக்கமும் அதற்குச் சொன்ன காரணத்தை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். காரணம் பிழைத்தாலும் காரியம் பல வேளை நிற்கும்.

பனங்கட்டிக்கு வருவோம். குட்டானிலிருந்து ஒரு துண்டு உடைத்து, ஒரு கடியும் ஒரு மிடறுமாகப் பிளேன்ரீ குடிக்கும் சுகத்தை நான் கெடுக்க வரவில்லை. ஆனால் கருப்பணியைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டியின் பெரும்பங்கு சுக்குரோஸ். கடைச் சீனியும் அதுதான். பொட்டாசியம், இரும்பு கொஞ்சம் இருப்பது மெய். இரத்தத்தில் சீனி ஏறுவதை அது தடுக்காது. பழைய பழக்கத்தில் நன்மை அளவில் இருந்தது: கடித்துக் குடித்தவர் சின்னத் துண்டோடு நிறுத்தினார். ‘பனங்கட்டி நல்லம்’ என்று பாயாசத்தில் கரைத்துக் குடித்தால் சீனி போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இவற்றில் பல சில்லறைப் பிழைகள். என்னை உண்மையில் பயப்படுத்துவது வேறொன்று. ‘குளிசை சூடு, அது சிறுநீரகத்தைத் தின்றுவிடும்’ என்று மெற்போமின் என்ற சீனி வருத்தக் குளிசையை நிறுத்திவிட்டு, பாவற்காய்ச் சாற்றோடு இருப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் கிடக்கும் சீனி. பழுதான பிறகு வைத்தியர் மெற்போமினைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நிறுத்தியதைப் பார்த்த அயலவர்கள் குளிசையே காரணம் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். ‘மூலிகைதான் வேண்டும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: மெற்போமினின் மூலக்கதை கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் தொடங்குகிறது. பிரெஞ்சு வைத்தியர் ஜோன் ஸ்ரேர்ன் 1957இல் அதைச் சீனி வருத்தத்துக்கு மருந்தாகக் கொண்டுவந்தார். குளிசையில் சந்தேகம் என்றால் மந்திகை ஆஸ்பத்திரி கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதற்கு முன் நிறுத்தாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போத்தலில் ‘கொலஸ்ரோல் இல்லை’ என்று எழுதியிருப்பது உண்மை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்களவு நிரம்பிய கொழுப்பு; அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் அதனால்தான் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. சம்பலுக்குத் துருவும் தேங்காய்க்கும், வடை பொரிக்கத் தாச்சி நிறைய ஊற்றும் எண்ணெய்க்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர் வடையை நானும் விடுவதாயில்லை, எண்ணித் தின்கிறேன்.

அடுத்த இதழுக்குப் பிள்ளைப்பெற்ற வீட்டுப் பத்தியத்தை எடுக்க எண்ணம். சுறா வறையும் முருங்கையும் காயச்சரக்கும் ஒரு பக்கம், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற கட்டளை மறுபக்கம். உங்கள் வீட்டில் எதை விலக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். காரணத்தைச் சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதினால் இன்னும் நல்லம்.

அன்புடன்,
ஆசிரியர்