கற்பவன் மீதா பழி?

சாந்தோம் கடற்கரையில் படகு தள்ளும் தோழனைக் கேட்டுப் பாருங்கள். "கடலுக்குப் போவது பெரிதல்ல, அலை உடைகிற இடம் தாண்டிக் கரையேறுவதுதான் பெரிது" என்பான். ஆகாயத்திலும் அதே கதைதான். விமானத்தை மேலே எழுப்பிவிடலாம். பழுதின்றித் தரையிறக்குவதில்தான் விமானியின் கைத்திறன் தெரியும்.

2025 நவம்பர் 13ஆம் நாள். சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 172 பயிற்சி விமானம் ஒன்று, நடுவழியில் கோளாறு கண்டு, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே, பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலை அது! உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். மறுநாளே தாம்பரம் அருகே விமானப்படையின் பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி வெளியே குதித்துப் பிழைத்தார். மகிழ்கிறோம். ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 22இல், குஜராத்தின் அம்ரேலி நகரில் வீடுகளுக்கு நடுவே விழுந்த பயிற்சி விமானத்தில் தனியே பறந்த மாணவன் பிழைக்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் நம் சாந்தோம் நெடுஞ்சாலையில் அப்படியொன்று இறங்கினால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

விபத்து நடந்தவுடன் எழும் முதற்குரல் என்ன? "பையன் புதியவன், பழக்கம் போதாது." கேட்ட குரல்தான் இது! ஆலையில் பயிலும் தொழிலாளியின் விரல் துண்டானால், "அவன் கவனக்குறைவு" என்றுதான் முதலாளியின் ஏட்டில் எழுதப்படும். எந்திரத்துக்குத் தடுப்பு வைக்காதவர் யார் என்பது எழுதப்படுவதில்லை.

தரையிறக்கம் எளிதன்று. வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் இறக்கை தாங்காது. குறையாவிட்டால் விமானம் துள்ளும். மூக்குச் சக்கரம் முறியும். குறுக்கே காற்றடித்தால் ஓடுபாதையை விட்டு விலகும். எல்லாம் சில விநாடிக்குள்! கற்கிற கை தடுமாறத்தான் செய்யும். அதற்காகத்தான் பக்கத்தில் ஆசிரியர். அதற்காகத்தான் பழுது பார்க்கும் மெக்கானிக். அதற்காகத்தான் மேற்பார்வைக்கு அரசு.

அந்த அரசே என்ன சொல்கிறது? மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், 2025 செப்டம்பர் இறுதியில் பயிற்சிப் பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தரவரிசை வெளியிட்டது. பட்டியலில் 35 பள்ளிகள். முதல் தரத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தரத்திலும் இல்லை. மூன்றாம் தரத்தில் 13. கடைசித் தரத்தில் 22. அதாவது, நூற்றுக்கு ஐம்பதும் வாங்காதவை! இது நாம் சுமத்தும் குற்றமன்று. அரசே போட்ட மதிப்பெண். அப்படித் தோற்ற பள்ளிக்குத் தண்டனை என்ன? "உன் குறையை நீயே ஆராய்ந்து பார்" என்று ஒரு நோட்டீஸ்!

விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். செலவு அரைக்கோடி ரூபாயைத் தொடுகிறது. வீட்டை அடகு வைத்துக் கட்டுகிற பெற்றோரும் உண்டு. பறக்கும் மணிக்குக் காசு வாங்கும் நிறுவனத்துக்கோ, விமானம் பழுதுக்கு நின்றால் நட்டம். எல்லா முதலாளிகளும் ஏய்ப்பவர் என்று நாம் கூறவில்லை. இலாபத்தின் நல்லெண்ணத்தை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது என்றுதான் கூறுகிறோம்.

"விமானப்படை அரசினுடையதுதானே, அதுவும் விழுந்ததே?" என்று கேட்பர். உண்மை. அரசு நடத்தினால் விபத்தே வராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே மாணவன் கடன் வாங்கிப் பறக்கவில்லை. பழுதுபட்ட விமானத்தை நிறுத்தி வைத்தால் நட்டக் கணக்கு எழுதுவாரும் இல்லை. வேறுபாடு அதுதான்.

ஆகவே வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு விபத்தின் விசாரணை முடிவும் காலம் கடத்தாமல் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கடைசித் தரப் பள்ளிகள், தரம் உயரும்வரை புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. பெங்களூர் ஜக்கூரில் கர்நாடக அரசு தன் சொந்தப் பறக்கும் பள்ளியை வைத்திருப்பதுபோல், தமிழகத்திலும் அரசுப் பள்ளி ஒன்று வேண்டும். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அதில் உதவித் தொகையோடு இடம் வேண்டும்.

தோழர்களே! தேநீர்க் கடையிலும் தொழிற்சாலை வாயிலிலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். சாந்தோம் குப்பத்து மூத்த மீனவர், மகனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும்போது ஓட்டைப் படகில் ஏற்றி அனுப்புவதில்லை. படகைத் தட்டிப் பார்த்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்துத்தான் அலைக்குள் விடுகிறார். எழுத்தறியா அந்த மனிதருக்கு இருக்கும் பொறுப்பு, ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருப்போர்க்கு வேண்டாமா?

கற்பவன் கை தவறலாம். கற்பிப்பவனும் காப்பவனும் தவறலாகாது!