பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கவில்லை என்றால் உங்கள் கணினி பழுதாகிவிட்டதா என்ன? பெரும்பாலும் செயலி பழையதாக இருக்கும், அல்லது டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இருக்காது. அவ்வளவுதான்.

லினக்ஸ் மின்ட் இலவசம். 4 ஜிபி நினைவகம் போதும். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டே நிறுவலாம். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது.

ஆனால், குடும்பப் படங்களின் இரண்டாம் பிரதியை அதில் வைப்பதே சிறந்த பயன் என்பேன். தாத்தா பாட்டி படங்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால், அது தொலையும் நாளில் அவையும் போய்விடும். வன்தட்டை மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்துங்கள். பத்து வயதுத் தட்டை நம்பக் கூடாது. வாரம் ஒருமுறை இயக்கினால் போதும், மின்கட்டணமும் ஏறாது. கழற்றிய தட்டிலுள்ள கோப்புகளை நகலெடுக்கும்வரை அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.