கலாமைத் தெரியும், மெக்கோயைத் தெரியுமா?

நம் தமிழ்ப்பள்ளி நூலகங்களில் வேறு எது இல்லாவிட்டாலும் ‘அக்னிச் சிறகுகள்’ இருக்கும். பேச்சுப் போட்டியா, கலாம். மாறுவேடப் போட்டியா, நரைமுடி விக் மாட்டிய குட்டிக் கலாம். தன்முனைப்புப் பயிலரங்கா, அங்கேயும் கனவு காணச் சொல்லும் கலாம். அவர் எளிமையானவர், வீணை வாசித்தவர், பிள்ளைகளை நேசித்தவர். எல்லாம் சரி. ஆனால் அவர் கண்ட கனவுகளில் ஒன்று எது என்பதை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியா ஐந்து அணுவெடிப்புகளை நடத்தியது. அதற்குப் பொறுப்பேற்ற இரு பெரும் அறிவியல் தலைகளும் தமிழர்கள்: கலாம், ஆர். சிதம்பரம். ‘தமிழன் சாதித்தான்’ பட்டியலில் இன்றுவரை அது இருக்கிறது. அது ராக்கெட் விடும் கதைபோல ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. குண்டு யார் தலையில் விழுவதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது.

வலிமைக்குத்தான் வலிமை மரியாதை தரும் என்பது கலாம் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். நடந்தது என்ன? பொக்ரான் முடிந்து இரண்டே வாரத்தில் சாகாய் மலையைக் குடைந்து பாகிஸ்தானும் வெடித்துக் காட்டியது. அடுத்த ஆண்டே இரண்டு நாடுகளும் கார்கிலில் மோதிக்கொண்டன. மரியாதை வரவில்லை. முன்பு சாதாரணப் போராக இருந்திருக்கக்கூடியது, அணுகுண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்தும் போராக மாறியது, அவ்வளவுதான்.

சரி, இப்போது இன்னொரு பெயர். ரோனல்ட் மெக்கோய். மலேசியர். பிள்ளைப்பேறு பார்க்கும் டாக்டர். அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கான மருத்துவர்களின் அனைத்துலக அமைப்புக்கு இணைத்தலைவராக இருந்தவர். 2005இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு ஒன்றுக்கும் உதவாமல் கலைந்தபோது, வல்லரசுகளின் அனுமதிக்காகக் காத்திருந்தது போதும் என்று முடிவெடுத்தார். கண்ணிவெடிகளுக்கு எதிராக மக்கள் இயக்கம் கட்டி ஒப்பந்தம் கொண்டுவர முடிந்ததென்றால் அணுகுண்டுக்கு எதிராக ஏன் முடியாது என்று கேட்டார். அதற்கு ‘ஐகேன்’ என்று பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. 2007இல் மெல்பர்னில் தொடங்கிய அந்த இயக்கத்துக்குத்தான் 2017இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மண்ணில் முளைத்த ஒரு யோசனை உலகத்தின் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? மாறுவேடப் போட்டியில் ஒரு மெக்கோயையாவது யாராவது பார்த்ததுண்டா? இவர் தமிழர் இல்லை என்பதுதான் காரணமென்றால், நம் அறவுணர்ச்சி இனத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளலாம்.

2017 ஜூலையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை 7ஆம் தேதி ஐ.நா.வில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. ஜூலை 27ஆம் தேதி ராமேஸ்வரத்தில், ஏவுகணை மாதிரிகள் சூழ, கலாம் நினைவகம் திறக்கப்பட்டது. நாம் எதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஐ.நா. வாக்கெடுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 122 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது நெதர்லாந்து மட்டும். வாக்களிக்காமல் ஒதுங்கியது ஒரே ஒரு நாடு: சிங்கப்பூர். மலேசியா ஆதரித்தது, 2020 செப்டம்பரில் உறுதிப்படுத்தியும் விட்டது. 1996இல் அனைத்துலக நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றிக் கருத்துரை வழங்கியதிலிருந்து, அதைச் செயல்படுத்தக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் வருடாவருடம் கொண்டுவந்ததும் மலேசியாதான். இவ்வளவு செய்த நாட்டில் வாழ்ந்துகொண்டு, இதைப்பற்றி ஒரு நல்ல தமிழ்க் கட்டுரையைத் தேடினால் கை வலிக்கிறது. சிங்கப்பூர் நண்பர்களே, உங்கள் நாடு 1995 பாங்காக் ஒப்பந்தத்தில் இந்த வட்டாரத்தில் அணு ஆயுதம் வேண்டாம் என்று கையெழுத்திட்ட நாடு. பிறகு 2017இல் ஏன் ஒதுங்கியது? இதைக் கேட்கப் பெரிய தைரியம் ஒன்றும் வேண்டாம்.

இங்கே பெரியவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: “குண்டு விழலன்னா ஜப்பான்காரன் போயிருப்பானா?” இந்தக் கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன். சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாத தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டு. ஆனால் குண்டுக்கு யார் ஜப்பான்காரன் என்று பார்க்கத் தெரியாது. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் மலாயா மாணவர்கள் மூவர் இருந்தார்கள். ஜப்பானிய ராணுவ ஆட்சி படிக்க அனுப்பியவர்கள். நிக் யூசோப் அங்கேயே இறந்தார். சையத் ஓமார் சில வாரங்களில் கியோத்தோவில் இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே ஒரு பௌத்தக் கோயிலில் இருக்கிறது. அப்துல் ரசாக் மட்டும் ஊர் திரும்பி, ஆசிரியராக நெடுங்காலம் வாழ்ந்தார். நம்மை ‘விடுவித்த’ குண்டு நம் பையன்களையும்தான் எரித்தது. மரண ரயிலுக்குக் கணக்குக் கேட்பதென்றால் இதற்கும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இன்னொரு பதில் இளையவர்களுடையது: “குண்டு வச்சிருக்கிற ஒன்பது நாடும் கையெழுத்துப் போடல. அப்புறம் எதுக்கு இந்த ஒப்பந்தம்?” நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் குற்றவாளியின் சம்மதத்தோடு பிறப்பதில்லை. எதிர்த்து வாக்களித்த அதே நெதர்லாந்தின் மிகப்பெரிய ஓய்வூதிய நிதியான ஏபிபி, அணு ஆயுதம் தயாரிக்கும் நிறுவனங்களிலிருந்து தன் முதலீட்டை விலக்கிக்கொள்வதாக 2018இல் அறிவித்தது. அரசாங்கம் அசையாத இடத்தில் பணம் அசைந்தது. வெட்கம் என்பது அப்படித்தான் வேலை செய்யும். மெதுவாக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு. மாறாக, பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் அசையாது.

உலகத்தில் இன்னும் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தமிழ் இலக்கியவாதி கழற்றப்போவதில்லை. ஆனால் குண்டைச் சாதனை என்று அழைக்கும் மொழியைக் கழற்றுவது நம் வேலை. அந்த மொழியைப் பட்டிமன்றத்திலும் பாராட்டு விழாவிலும் வளர்த்தது நாம்தானே. கலாமை நூலகத்திலிருந்து தூக்குங்கள் என்று சொல்லவில்லை. அவரைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் பொக்ரானைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள். மெக்கோய் பற்றியும், கியோத்தோவில் கிடக்கும் அந்த மலாயா மாணவனைப் பற்றியும் அதே அலமாரியில் தமிழில் ஒரு புத்தகம் இருக்கட்டும். இல்லையா? அப்படியானால் எழுதவேண்டியது நீங்களும் நானும்தான்.