பன்னிரண்டு பேருக்கு ஒரே வீடா?

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு 12 பேராகப் போகிற குடும்பம், வெளியே கிஸ்ஸிமியில் 6 படுக்கையறை வீடு எடுப்பதே மலிவு, எல்லோரும் சேர்ந்தும் இருக்கலாம் என்கிறார்கள். முதலில் மலிவு. வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பவர்கள், துப்புரவுக் கட்டணத்தையும் இரண்டு வாடகைக் கார்களையும் பூங்காவில் அன்றாடம் கட்டும் பார்க்கிங் பணத்தையும் ஏன் கூட்டுவதில்லை? டிஸ்னி விடுதியில் தங்குவோருக்குப் பார்க்கிங்கும் பேருந்தும் இலவசம். 30 நிமிடம் முன்னதாகவே பூங்காவுக்குள் போகலாம்.

இரண்டாவது, சேர்ந்திருப்பது. இங்கேதான் வாதம் அடியோடு சரிகிறது. காரில் வருகிறவர்கள் மேஜிக் கிங்டம் வாசல்வரை போக முடியாது. ஏரிக்கு இக்கரையில் காரை விட்டுவிட்டு மோனோரெயிலோ படகோ ஏற வேண்டும். மதியம் பாட்டிக்கு முழங்கால் வலி, கைக்குழந்தைக்குத் தூக்கம். யார் காரை எடுப்பது? அந்தக் காரில் வந்த மற்றவர்கள் இரவு எப்படித் திரும்புவது? விடுதியென்றால் பாட்டி பேருந்தேறி அறைக்குப் போய்விடலாம், மற்றவர்களின் நாள் கெடாது. சமையலறை வேண்டாமா என்பார்கள். பத்தியச் சாப்பாட்டுக்காரர்கள் இருந்தால் நியாயமான கேள்வி. டிஸ்னியின் ஓல்டு கீ வெஸ்ட் விடுதியிலேயே 12 பேர் தங்கும் மூன்று படுக்கையறை வில்லா, முழுச் சமையலறையோடு இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் ஒப்பிட வேண்டியது அதோடு, வெறும் ஓட்டல் அறையோடு அல்ல.