தூக்குறது ஜாக்கி, தாங்குறது முட்டு

சென்னை, கோயமுத்தூர்னு நகரத்துல இருக்கிற சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேர் சமீபத்துல ஒரே கேள்வியைக் கேட்டாங்க. வீட்டு போர்டிகோவுல வெச்சு காரைத் தூக்குற போர்ட்டபிள் லிஃப்ட் வாங்கலாமா? டிராக்டரோட மல்லுக்கட்டுற ஆளுக்குத் தெரியும்னு நினைச்சிருப்பாங்க போல. என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா வாங்கலாம், ஆனா அது கடைசியா வாங்க வேண்டிய சாமான். தரை, சக்கரத்துக்கு அண்டை, இரும்பு ஸ்டாண்டு, இந்த மூணும் சரியா இருந்தாத்தான் லிஃப்டைப் பத்தியே பேசணும்.

பார்க்காதவங்களுக்காக ஒரு வார்த்தை. நீளமான ரெண்டு இரும்புச் சட்டம். காருக்கு அடியில ரெண்டு பக்கமும் தள்ளி வைக்கணும். தனியா ஒரு மோட்டார் பம்பு ஆயிலை அழுத்தும், கார் ஒன்றரை ரெண்டு அடி உயரத்துக்கு மேல வரும். வேலை முடிஞ்சா சட்டத்தைச் சுவத்தோரமா சாய்ச்சு வெச்சுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா இதை வாங்குறவங்க எல்லாரும் "எத்தனை டன் தூக்கும்?"னுதான் கேக்குறாங்க. "தூக்கினதை எது தாங்கும்?"னு கேக்குறவங்க குறைவு.

மாட்டு வண்டி இருந்த காலத்துல இந்தக் கேள்விக்கு ஊர்ல பதில் இருந்துச்சு. வைக்கோலை எரிச்ச கரியில விளக்கெண்ணெய் ஊத்திக் குழைச்சு வண்டி மை செய்வாங்க. அச்சுக்கு மை போடணும்னா சக்கரத்தைக் கழட்டணும். ரெண்டு ஆள் தோள் கொடுத்து வண்டியைத் தூக்குவாங்க, உடனே மூணாவது ஆள் அச்சுக்கு அடியில முட்டுக்கட்டையைச் செருகிடுவார். கட்டை உட்கார்ந்த பிறகுதான் கடையாணியில கை வைப்பாங்க. தோள்ல பாரம் நிக்கும்போது யாரும் சக்கரத்தைத் தொட மாட்டாங்க. தூக்குற வேலை வேற, தாங்குற வேலை வேற. படிக்காத ஆளுங்களுக்கு அது தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு.

ஜாக்கி வந்த பிறகு அந்தத் தெளிவு போச்சு. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள்ள பாரத்தைத் தாங்குறது ஆயில். அந்த ஆயிலைத் தடுத்து நிறுத்துறது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையமும் ஒரு சின்ன வால்வும். ரப்பர் வருஷக்கணக்குல வெயில் தின்னு வெடிக்கும். வால்வுல ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஆயில் நழுவும். சில நேரம் மெதுவா இறங்கும், சில நேரம் சொல்லாம இறங்கும். காரோட கூடவே கொடுக்கிற ஸ்குரூ ஜாக்கியும் ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். மாருதி ஸ்விஃப்ட் மாதிரி சின்ன காரே ஏறக்குறைய 900 கிலோ. அதுல பாதி நெஞ்சு மேல இறங்கினா என்ன ஆகும்னு விளக்க வேண்டியதில்லை.

ஊர்க்காரங்க எல்லாம் இதுல கெட்டிக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க. ஜாக்கிக்குக் கீழ செங்கல்லை அடுக்கி வைக்கிறது, ஹாலோ பிளாக்கைப் படுக்க வெச்சு அது மேல அச்சை இறக்குறதுன்னு தினமும் பார்க்கிறேன். ஹாலோ பிளாக் சுவத்துக்குச் செஞ்ச கல். ஒரே புள்ளியில பாரம் உட்கார்ந்தா விரிசல் விடாமலேயே பொடிஞ்சு போகும். டிராக்டர் பெட்டியை டிப்பர் தூக்கி வெச்சுட்டு, முட்டு கொடுக்காம அடியில புகுந்து கிரீஸ் அடிக்கிறவங்களும் உண்டு. லீவரை ஒரு சின்னப் பையன் தட்டினாலே போதும்.

டிராக்டர்ல இன்னொரு சங்கதியும் இருக்கு. முன் அச்சு நடுவுல ஒரே ஒரு பின்னுலதான் மாட்டியிருக்கும். வரப்பு, பள்ளம்னு ஏறி இறங்கணுமே, அதனால ரெண்டு பக்கமும் ஆடுற மாதிரி செஞ்சிருக்காங்க. பின் சக்கரத்தைக் கழட்டத் தூக்கும்போது அந்த ஆட்டமே எமனாகும், உடம்பு ஒரு பக்கமாச் சாயும். அதனால முன் அச்சுக்கும் அதோட தாங்கிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கிட்டுத்தான் விவரமான மெக்கானிக் ஜாக்கியையே எடுப்பார். அந்த ஆப்புக்கு அஞ்சு பைசா செலவு இல்லை, வேலங்கட்டையைச் சீவினா முடிஞ்சுது.

இப்ப உங்க போர்டிகோவுக்கு வருவோம். நகரத்து வீடுகள்ல கார் நிக்கிற இடத்துக்குக் கீழ என்ன இருக்கு? நிறைய வீட்டுல தண்ணி சம்ப்பு, சில வீட்டுல செப்டிக் டேங்க். கார் தினமும் நிக்குதே, ஒண்ணும் ஆகலையேன்னு கேப்பீங்க. தினமும் நிக்கும்போது பாரம் நாலு டயர்ல பரவி நிக்குது, டயரும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்குது. ஸ்டாண்டுல வெச்சா அதே பாரம் உள்ளங்கை அளவு இரும்புக் கால்கள் வழியா இறங்கும். சம்ப்பு மூடி ஓரத்துல ஒரு கால் உட்கார்ந்தா? டைல்ஸ் ஒட்டினதுக்குக் கீழ சிமெண்ட் இல்லாத பொக்கை இருந்தா? பேவர் பிளாக் போட்ட தரைன்னா ஒவ்வொரு கல்லும் தனித்தனியா அமுங்கும். மழைத்தண்ணி ஓடறதுக்காக கேட் பக்கம் வாட்டம் வேற விட்டிருப்பாங்க, வாட்டத்துல தூக்கின கார் ஒரு பக்கமா நகரத்தான் பார்க்கும்.

அதனால முதல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு உங்க தரைக்குக் கீழ என்ன இருக்குன்னு கேளுங்க. மட்டமான கெட்டி கான்கிரீட் இல்லைன்னா லிஃப்ட் ஆசையை விட்டுடுங்க. அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இந்த வேலையே வேண்டாம்.

தரை சரின்னா அடுத்தது அண்டை. பெரும்பாலான கார்ல ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின் பக்கத்தைத் தூக்கிட்டீங்கன்னா முன் சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தரையில நிக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க. அப்புறம் கால் விரிச்ச இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி. அதுல 3 டன்னு எழுதியிருந்தா ஒண்ணுக்கா, ஜோடிக்கான்னு பார்த்து வாங்குங்க. காருக்கு அடியில எங்க வேணாலும் முட்டு கொடுக்கக் கூடாது, இடம் கார் புத்தகத்துலயே போட்டிருக்கும். பேட்டரி கார்னா இன்னும் கவனம், வயித்துப் பக்கம் முழுக்க பேட்டரிதான்.

"லிஃப்ட்லயே லாக் இருக்கே, ஸ்டாண்டு எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல லிஃப்ட்ல இரும்பு லாக் இருக்கும். வேணுங்கிற உயரத்துக்குத் தூக்கி, கொஞ்சம் கீழ இறக்கி, பாரம் ஆயிலை விட்டு லாக்குல உட்கார்ந்துச்சான்னு கண்ணால பார்க்கணும். ரெண்டு சட்டத்துலயும் ஒரே படியில உட்கார்ந்திருக்கணும். அப்படி உட்கார்ந்தா அதுதான் நம்ம முட்டுக்கட்டை. விலை குறைவுன்னு லாக் இல்லாத சரக்கை வாங்கினீங்கன்னா, நீங்க வாங்கினது பெரிய ஜாக்கி, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு எத்தனை தடவை அடியில போகப் போறீங்க? ஆயில் மாத்துறது, பிரேக் பார்க்கிறது, டயரை இடம் மாத்துறது, இதுக்கெல்லாம் ஒரு டிராலி ஜாக்கியும் நாலு ஸ்டாண்டும் தாராளம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கார்ல கை வைக்கிற ஆளுன்னா லிஃப்ட் உழைச்சுக் கொடுக்கும். மத்தவங்களுக்கு அது மாடிப்படிக்குக் கீழ தூசி தின்னும்.

சொந்த வண்டியைச் சொந்தக் கையால பார்க்கிறது நல்ல பழக்கம், பிள்ளைங்களும் பார்த்துக் கத்துக்கும். அவங்களுக்குக் கத்துக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், முட்டு வெச்சதும் காரை இடுப்பால ஒரு தடவை நல்லா இடிச்சுப் பார்க்கிறது. ஆடினா இறக்கிட்டு மறுபடி வைங்க. ஆடலைன்னா, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு அடியில போங்க.