பெரட்டு என்று தேடினால் கிடைக்குமா?

கண்டியில் தேயிலைக் கம்பனியோ தொழிற்சங்கமோ, எந்த அலுவலகத்திலும் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. சம்பளப் பட்டியல், சேமலாப நிதி விபரம், அடையாள அட்டை இலக்கம்... இவற்றுக்குள் தேட செயற்கை நுண்ணறிவு வேணும்தான். அதுக்காகத் தொழிலாளியின் விபரத்தை வெளியார் சேர்வருக்கு அனுப்பணுமா?

தேவையில்லை என்கிறோம். ஓபன்சேர்ச் மாதிரியான திறந்த மூல மென்பொருளை அலுவலகக் கணினியிலேயே நிறுவலாம். கேள்விக்குப் பதில் எழுதும் மொழி மாதிரியையும் ஒல்லாமா மூலம் அங்கேயே இயக்கலாம். கோப்பு வாசலைத் தாண்டாது.

ஆனால் மூன்று விசயத்தைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

முதலாவது, லைசன்ஸ். 2021இல் எலாஸ்டிக்சேர்ச் தன் திறந்த மூல லைசன்ஸை மாற்றியது. அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஓபன்சேர்ச். பெயரை நம்பாமல் லைசன்ஸை வாசியுங்கள்.

இரண்டாவது, பிரதி. 2023இல் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே இந்த நிலை என்றால், மேசைக்குக் கீழே இருக்கும் கணினிக்கு?

மூன்றாவது, எங்கட தமிழ். ஒரு கோப்பில் 'பெரட்டு', இன்னொன்றில் 'பிரட்டு', வேறொன்றில் 'பெரட்டுக்களத்தில்' என்றிருக்கும். மூன்றையும் சேர்த்துக் கண்டுபிடிக்குதா? ஆங்கில டெமோவைப் பார்த்து மயங்காமல், முதலில் இதைத் தட்டிப் பாருங்கள். தோட்டத்துச் சொல் புரியாத தேடல், தோட்டத்து ஆளையும் தவற விட்டுவிடும். அப்படி விடுபடுவது ஒருவரின் சேமலாப நிதிக் கணக்காகவும் இருக்கலாம்.